குகைத் தெருவில் ஒரு யானை

முதல் நாள்: ஞாயிறு, ஆடி 18

திருச்சூரில் ரயில் ஏறும்போது நல்ல மழை. வாளையாறு தாண்டியதும் சுள்ளென்று வெயில். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாதையில் போய் வருகிறேன். ஆனால் ஆடிப் பண்டிகைக்கென்று சேலம் வந்து வெகு நாளாகிவிட்டது. எனக்கு லீவு கிடைத்தால் மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அவளுக்கு விடுமுறை என்றால் எனக்கு ஆபீஸ் இருக்கும். போன மாதம் அப்பா போனில், "இனிமே தறியில குந்த முடியாது போல கண்ணு. இந்த வருஷமாச்சும் பாப்பாவைக் கூட்டிட்டுப் பண்டிகைக்கு வா" என்றார். அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

ஈரோடு தாண்டிக் காவிரிப் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியில் பாதிப் பேர் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஆடிப்பெருக்கு. இரண்டு கரையிலும் மஞ்சள் புடவை, பச்சைப் புடவை, வாழையிலையில் வைத்த பழம், காதோலை கருகமணி, முளைப்பாரிச் சட்டி. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கிழவி சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது பாலத்திலிருந்தே தெரிந்தது. தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். எனக்குக் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பாப்பா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க யானை வரலையா அம்மா?" என்றாள்.

அவளுக்கு ஒன்பது வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் திருச்சூரில். அவளைப் பொறுத்தவரை திருவிழா என்றால் யானை. மேட மாதத்தில் தேக்கின்காடு மைதானத்தில் பூரம் நடக்கும்போது, பாறமேக்காவு கோவில் பக்கம் 15 யானை, திருவம்பாடி கோவில் பக்கம் 15 யானை, எதிரும் புதிருமாக நிற்பதை அவள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள். நெற்றிப்பட்டம், ஆலவட்டம், வெண்சாமரம் எது எது என்று சொல்லத் தெரியும். குடமாற்றத்தில் இந்தப் பக்கம் சிவப்புக் குடை விரித்தால் அந்தப் பக்கம் பச்சை விரிக்கும். அதற்கு மைதானமே ஆர்ப்பரிக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கத்தானே செய்வாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா தீ மூட்டிக்கொண்டிருக்கிறார். தேங்காய் சுடுவதற்கு! சேலத்தில் ஆடி முதல் தேதியே தேங்காய்ப் பண்டிகை முடிந்துவிடும். அன்றைக்குத் தெருத் தெருவாக வாசலில் புகை எழும். "பேத்தி பார்த்ததில்லையே, அவளுக்காக ஒண்ணே ஒண்ணு. பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார்" என்று அழிஞ்சில் குச்சிகூட எடுத்து வைத்திருந்தார்.

நார் முழுக்க எடுத்து, சிமெண்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கின தேங்காய். மூன்று கண்ணில் ஒன்றைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, வெல்லம், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல் எல்லாவற்றையும் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தள்ள வேண்டும். அப்புறம் அந்தக் கண்ணிலேயே குச்சியைச் சொருகி, மேலே மஞ்சள் பூசித் தீயில் காட்ட வேண்டும். திருப்பித் திருப்பிக் காட்ட ஓடு கறுக்கும், உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும், குச்சியோரம் வெல்லப்பாகு நுரைத்து வழியும். ஓடு பட்டென்று வெடித்ததும் எடுத்துவிடலாம். பாரதப் போர் ஆடி ஒன்றாம் தேதி தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். போர் தொடங்கிய நாளில் பிள்ளையாருக்கு இப்படிச் சுட்டுப் படைத்துக் கும்பிட்டார்களாம். பாப்பா குச்சியைக் கீழே வைக்கவே இல்லை. முகமெல்லாம் கரி.

ராத்திரி படுக்கும்போது திரும்பவும் கேட்டாள். "ஆயா, வியாழக்கிழமை எத்தனை யானை வரும்?"

"நம்ம மாரியாத்தாளுக்கு யானை ஏது சாமி? வண்டி வரும். விடிய விடிய வண்டி வரும்" என்றார் அம்மா. பாப்பா என்னைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தேன்.

இரண்டாம் நாள்: திங்கள்

சுகவனேசுவரர் கோவிலுக்கு அவளைக் கூட்டிப் போனேன். பதில் அங்கேதான் இருக்கிறது.

ஊருக்கு நடுவில், இவ்வளவு ஹாரன் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற கோவில். உள்ளே காலை வைத்ததும் கல் குளிர்ந்து கிடக்கும். சுகப்பிரம்ம ரிஷி கிளி உருவில் வந்து பூசித்த இடம், அதனால் கிளிவனம், சுகவனம். லிங்கத்தின் மேல் வேடன் வெட்டின தழும்பு இருப்பதாகச் சொல்லிக் காட்டுவார்கள். அருணகிரிநாதர் இங்கே முருகனைப் பாடியிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ராஜேஸ்வரியைத்தான்.

ராஜேஸ்வரி இந்தக் கோவில் யானை. பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் நாலைந்து பேர் சாமியைக் கும்பிட்டுவிட்டு நேராக அதனிடம் போவோம். நெற்றியில் விபூதிப் பட்டை, கழுத்தில் மணி. ஒரு வாழைப்பழத்தை நீட்டினால் தும்பிக்கை நுனியில் இருக்கிற ஒற்றை விரலால், ஊசியை எடுக்கிற மாதிரி அவ்வளவு பக்குவமாக வாங்கிக்கொள்ளும். அந்த நுனி ஈரமாக, வெதுவெதுப்பாக உள்ளங்கையில் படும். தும்பிக்கையைத் தலையில் வைத்தால் புஸ்ஸென்று ஒரு மூச்சு வரும்; தழை வாசனையும் சாண வாசனையும் கலந்த மூச்சு. முன்நெற்றி முடியைத் தொட்டால் கம்பி மாதிரி இருக்கும். அந்தச் சின்னக் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இமை முடி அவ்வளவு நீளம்.

அப்போது நான் அதன் காலைப் பார்த்ததில்லை. எல்லாரும் தும்பிக்கையைத்தான் பார்ப்போம். கல்தரையில் நாள் முழுக்க நிற்கிற ஓர் உடம்புக்குக் கால் என்ன பாடுபடும் என்று பன்னிரண்டு வயதில் யார் யோசிக்கிறோம்? காட்டில் யானை நிற்கிற மிருகமே இல்லை, நடக்கிற மிருகம். ஒரு நாளில் பத்து மைலுக்கு மேல்கூட நடக்கும், மண்ணில் நடக்கும், சேற்றில் புரளும், கூட்டத்தோடு இருக்கும்.

2018-ல் நான் திருச்சூரில் இருந்தேன், பாப்பாவுக்கு இரண்டு வயது. செய்தியில் ராஜேஸ்வரியின் படத்தைப் பார்த்தேன். எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தது, உடம்பெல்லாம் புண். கருணைக்கொலை செய்யலாமா என்று கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இதற்கு மேல் உயிரோடு வைத்திருப்பது வதைதான் என்று மருத்துவர் சான்று தந்தால் செய்யலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கெல்லாம் அது காத்திருக்கவில்லை. ஏப்ரல் 21-ந் தேதி தானாகவே போய்ச் சேர்ந்தது. வயது 42. யானைக்கு அது போகிற வயதில்லை. அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த திருச்சூர்க்காரச் சேச்சி ஒரு கேள்வியும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யானைக்காக அழுவது அந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை.

இதில் பாதியைத்தான் பாப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்லயும் ஒரு யானை இருந்துச்சு, கால் வலியில செத்துப்போச்சு." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பூரத்து யானைக்கும் கால் வலிக்குமா?" என்றாள்.

வலிக்கும் என்று சொன்னேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. பூரத்தின் அழகு எனக்குத் தெரியும். செண்டைமேளம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. ஆனால் அதே நேரத்தில், கொதிக்கிற தரையில் சங்கிலியோடு நிற்கிற அந்தக் காலையும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ராஜேஸ்வரிக்கு அப்புறம் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக் கோவில் யானைகளுக்கு 2003-ல் முதுமலை தெப்பக்காட்டில் நலவாழ்வு முகாம் தொடங்கியபோது எனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில், பவானி ஆற்றோரம் 48 நாள் நடந்தது. யானைகள் ஒன்றை ஒன்று தும்பிக்கையால் தடவிக்கொள்கிற படங்கள் பத்திரிகையில் வரும். வருஷம் முழுக்கத் தனியாக இருந்துவிட்டு 48 நாள் மட்டும் சொந்தம். அதை நினைத்தால் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வரும்.

நாங்கள் இருக்கிற திருச்சூர் மாவட்டத்திலேயே இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோவிலில் 2023 பிப்ரவரியில் இயந்திர யானை ஒன்றைக் காணிக்கையாக நடைக்கு இருத்தினார்கள். இரும்புச் சட்டத்துக்கு மேல் ரப்பர், பத்தடிக்கு மேல் உயரம், 800 கிலோ எடை. காதும் தலையும் மோட்டாரில் அசையும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அதன் முன்னாலும் மேளக்காரர்கள் முழு மனசோடுதான் கொட்டினார்கள். இன்றைக்கு சுகவனேசுவரர் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள்: செவ்வாய்

காலையில் ஏற்காட்டுக்கு ஒரு நடை. பஸ்ஸில் போனோம். 20 கொண்டை ஊசி வளைவையும் பாப்பா எண்ணிக்கொண்டே வந்தாள். ஏறும்போதே காற்று மாறுகிறது. காப்பித் தோட்டம், நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், அதில் ஏறின மிளகுக்கொடி. "இந்தக் காட்டுல யானை இருக்கா?" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டாள். அவர், "இங்க காட்டெருமைதான் பாப்பா. யானையெல்லாம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம்" என்றார்.

சேர்வராயன் கோவில் வரை போனோம். ஐயாயிரம் அடிக்கு மேலே, மலைத்தலை தட்டையாக மைதானம் மாதிரி விரிந்து கிடக்கிறது. கோவில் என்றால் கோபுரமில்லை. குனிந்து போகிற குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைக்காரர்கள்). காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தான், நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனான், சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனான் என்பது அவர்கள் கதை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமம் மொத்தமும் இங்கே கூடிவிடும். பாப்பா குகைக்குள் குனிந்து போய் வந்துவிட்டு, "உள்ள யானை நிக்கவே முடியாது" என்றாள். உண்மைதான். மேகம் இறங்கிவிட்டது, நாங்களும் இறங்கிவிட்டோம்.

மத்தியானத்துக்கு மேல் நடந்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

எங்கள் தெருமுனையில் தார்ப்பாய் கட்டி, தம்பியும் தெருப்பையன்களும் வண்டி தயார் செய்துகொண்டிருந்தார்கள். வண்டி வேடிக்கை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் உண்டு: செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, குகை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாபேட்டை. எல்லாருக்கும் மூத்தவள் கோட்டைப் பெரிய மாரி. கோட்டையில் பூச்சாட்டினால் ஊர் முழுக்கப் பண்டிகை தொடங்கிவிடும். குகை என்ற அந்தப் பேட்டையில் வண்டி வேடிக்கை. வேண்டுதல் வைத்தவர்கள் சாமி வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டியில் ஏறிக் கோவிலைச் சுற்றி வருவார்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி, டிராக்டர். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம்.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். உள்ளே யானை நிற்கிறது.

"கஜேந்திர மோட்சம்க்கா" என்றான் தம்பி. எனக்குப் பேச்சு வரவில்லை. அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூங்கில் பத்தையை வளைத்துக் கம்பியால் கட்டின கூடு. அதன் மேல் கோணிச் சாக்கு. சாக்கின் மேல் மைதாப் பசை தடவி நாலு அடுக்குச் செய்தித்தாள், அதற்கு மேல் சாம்பல் நிற டிஸ்டம்பர். சாக்கின் சொரசொரப்பு அப்படியே யானைத்தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக வந்திருந்தது. காதுக்கு இரண்டு பெரிய முறம், துணி ஒட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முறச்செவி என்று பழைய பாட்டில் படித்ததை நேரில் பார்த்துவிட்டேன். தந்தம் வெள்ளை பிவிசி பைப், சூடு காட்டி வளைத்தது. கண்ணுக்கு வைக்க மட்டும் எதுவும் சரியாக அமையவில்லை. பெரிய பெரிய பொத்தானாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "கண்ணு சின்னதா இருக்கணும்டா, கோலிக்குண்டு போதும். இமை முடி நீளமா வை" என்றேன். தென்னந்துடைப்பத்தை நறுக்கி வைத்ததும் யானைக்கு உயிர் வந்துவிட்டது.

தும்பிக்கைதான் அதிசயம். வயல் மோட்டாருக்குப் போடுகிற பச்சைச் சுருள் குழாயில் சாம்பல் துணியைச் சுற்றியிருந்தார்கள். நுனியில் ஒரு நைலான் கயிறு கட்டி, நெற்றி வழியாக வயிற்றுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வயிற்றுக்குள் ஒரு பையன் உட்கார்ந்து இழுத்தால் தும்பிக்கை மேலே சுருளும், விட்டால் இறங்கும். நுனியில் தாமரை.

பாப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தீர்மானமாகச் சொன்னாள்: "மாமா, நெற்றிப்பட்டம் இல்ல." சொன்னதோடு நிற்கவில்லை. நோட்டில் வரைந்து காட்டினாள். மேலே பிறை, நடுவில் பெரிய குமிழ், சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ், கீழே கூராகக் குறுகி வர வேண்டும்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விடிந்தால் ஒரு நாள்தான் இருக்கிறது, இதற்கு எங்கே போவது? அப்போது திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்தார்.

நான்காம் நாள்: புதன்

கோட்டை மாரியம்மன் பொங்கல். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். திருமணிமுத்தாற்றங்கரையில் கோவில். கோட்டை இன்றைக்கு இல்லை. பெயரில் மட்டும் இருக்கிறது. பழைய கோவிலைப் புதுப்பித்துக் கட்டி 2023 அக்டோபரில் குடமுழுக்கு நடத்தியபோது நான் வர முடியவில்லை, இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். ஈரப் புடவையோடு பெண்கள், தரையில் உருளுதண்டம் போடுகிறவர்கள், தலையில் மாவிளக்கு, கையில் வேப்பிலை, இடுப்பில் குழந்தை. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரிசை. மஞ்சளும் வேப்பிலையும் நனைந்து அந்த இடமே ஒரு வாசனை வீசும். அந்த வாசனை வந்தால் எனக்கு அம்மை போட்டு அம்மா மடியில் கிடந்த நாள் ஞாபகம் வரும். உப்பும் மிளகும் போட்டு, வெள்ளியில் கண்மலர் வாங்கி வைத்தேன். அப்பாவுக்காக. கண் மங்கியதால்தான் அவர் தறியை விட்டு இறங்கினார்.

வெளியே பொங்கல் பானை வரிசை தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பானை கிழக்கே பொங்கியது, அம்மாவுக்குச் சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பினால் அப்பா திண்ணையில் கடை பரப்பியிருக்கிறார். ஐம்பது வருஷம் வெண்பட்டு நெய்த கை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை நெய்த எங்கள் வீட்டுக் குழித்தறியில் இப்போது பாவு இல்லை, பலகை போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் வருஷக்கணக்காக மிஞ்சின ஜரிகை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிச் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். தூக்கிப் போட மனசு வராது அவருக்கு. தேங்காய்ப் பண்டிகையில் தெருவெல்லாம் சுட்ட தேங்காயின் கொட்டாங்குச்சியை அம்மா விறகுக்கென்று சேர்த்து வைத்திருந்தார். அதில் முழுசாக உடையாததை எல்லாம் பொறுக்கி, கரியைத் தேய்த்து எடுத்து, பாதி மூடியைக் கவிழ்த்து வைத்தால் நெற்றிப்பட்டத்துக் குமிழ்! ஒவ்வொன்றின் மேலும் பசை தடவி ஜரிகையை வட்டம் வட்டமாக நெருக்கிச் சுற்றினார். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரியவில்லை. கண் சரியாகத் தெரியாது, விரல்தான் பார்த்தது. சின்னக் குமிழுக்கு அடிப்பக்கத்துச் சின்ன மூடி. பிறைக்கு அட்டை.

பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இது இன்னும் கொஞ்சம் மேல" என்று வரிசை சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். சாயங்காலம் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய், கொலுசுக்குக் கோக்கிற சலங்கை முத்து ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். பட்டத்தின் கீழ் ஓரம் முழுக்க அதைக் கோத்தோம். தூக்கி அசைத்தபோது சலசலவென்று ஒரு சத்தம். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள்: வியாழன்

குகையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே திருச்சி மெயின் ரோட்டில் நடக்க இடமில்லை. மாடியெல்லாம் தலை. அம்மா தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட்டும் கேரட்டும், கார சட்னியும் புதினா சட்னியும். சேலத்துக்காரர்களுக்கு இது இல்லாமல் பண்டிகை கிடையாது. பாப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று கேட்டாள்.

ஏழு மணிக்கு மேல் வண்டிகள் ஒன்று ஒன்றாக வரத் தொடங்கின. முன்னால் தாரை தப்பட்டை, பின்னால் ஜெனரேட்டர், சுற்றிலும் சீரியல் லைட். மீனாட்சி கல்யாணம் போனது. பாற்கடல் கடைந்தார்கள். பத்துத் தலையோடு ராவணன் வீணை வாசித்துக்கொண்டு போனான். வேஷம் கட்டினவர்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். காலையில் தறி ஓட்டின கை, கடையில் எடைபோட்ட கை. ஆனால் வண்டியில் ஏறி நின்றதும் கண்ணை இமைக்காமல் நிற்பார்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம். அப்படி நிற்பதுதான் வேண்டுதல். சனங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தன் சின்ன வயதில் மாட்டு வண்டியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்ததாக அப்பா சொல்லும் வண்டிகளை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கிற முகங்கள் அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பதினொன்றரை மணிக்கு எங்கள் வண்டி.

தூரத்திலிருந்தே நெற்றிப்பட்டம் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் அப்பா சுற்றின ஜரிகை குமிழ் குமிழாகப் பற்றிக்கொண்டு எரிகிற மாதிரி இருந்தது. நீலத்துணியில் குளம், அதில் முதலை காலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பின்னால் உயரத்தில் கருடன் மேல் பெருமாள். கோவிலுக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது. தப்பட்டைச் சத்தம் சட்டென்று அடங்கியது. யானையின் தும்பிக்கை மெதுவாக, மிக மெதுவாகத் தாமரையோடு மேலே எழுந்தது. சலங்கை முத்துகள் அசைந்த சத்தம்கூடக் கேட்டது எனக்கு. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "ஆதிமூலமே!" என்று கத்தினாள். அப்புறம் ஊரே கத்தியது.

நான் ராஜேஸ்வரியை நினைத்துக்கொண்டேன். அதற்கு யாரும் அப்படிக் குரல் கேட்டு வரவில்லையே என்று நெஞ்சு அடைத்தது. எங்கள் ஊருக்கு இன்னொரு யானையைக் கொண்டுவர வேண்டாம் தாயே என்று மாரியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எங்களுக்கு மூங்கில் இருக்கிறது, சாக்கு இருக்கிறது, ஜரிகை இருக்கிறது. நாங்கள் செய்துகொள்கிறோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி தெருமுனைக்குத் திரும்பியது. யானை வயிற்றிலிருந்து இறங்கின பையன் தொப்பலாக நனைந்திருந்தான். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது. ஒரு செம்பு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உள்ள வர்றியா?" என்று பாப்பாவைக் கேட்டான். தம்பி அவளைத் தூக்கி உள்ளே விட்டான். வெளியே நாங்கள் நாலு பேர், அம்மா, ஒரு நாய், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தும்பிக்கை ஒரு சாண் எழுந்தது, இறங்கியது. திரும்பவும் எழுந்து, என் தலை உயரத்துக்கு வந்து நின்றது. தாமரை என் நெற்றியில் பட்டது.

ஆறாம் நாள்: வெள்ளி

மத்தியானம் ரயில். காலையிலேயே வண்டியைப் பிரித்துவிட்டார்கள். லாரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. மூங்கில் கூடு மட்டும் தெருவோரம் கிடந்தது, கோழி உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. தம்பி கோலிக்குண்டு இரண்டையும் எடுத்துப் பாப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியிலிருந்து ஜரிகையைப் பிரித்து, பழையபடி தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். பாப்பா எதிரே உட்கார்ந்து நூல் சிக்காமல் விட்டுக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் வர்றப்ப இன்னொரு பட்டம் வரைஞ்சு எடுத்துட்டு வா. பெரிசா" என்றார் அப்பா.

அம்மா முறம் இரண்டிலும் ஒட்டியிருந்த துணியை உரித்து, பசை போகக் கழுவி, சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தார். நாங்கள் கிளம்பும்போது அதில் ஒன்றை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கியிருந்தார். விளிம்பில் இன்னும் சாம்பல் நிறம் இருந்தது.